காந்த வழிகாட்டி (தகடு மடிப்பு)

காந்த வழிகாட்டி என்பது தகடு மடிக்கும் இயந்திரத்தின் டையிலோ (தகடு அமரும் கீழ் அச்சு) மேசையிலோ காந்த விசையால் ஒட்டி நின்று, தகட்டின் பக்க ஓரத்தை மடிப்புக் கோட்டுக்குச் செங்கோணத்தில் நிறுத்திக்கொடுக்கும் துணைக்கருவி. பட்டறையில் மேக்னட் கைடு, மேக்னட் ஸ்டாப்பர் என்பார்கள். போல்ட் துளையோ பள்ளமோ இல்லாத பழைய இயந்திரத்திலும் இதைச் சில நிமிடங்களில் பொருத்திவிடலாம். வேலை முடிந்ததும் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். இது அளவு பார்க்க உதவும் கருவிதான். விரலைக் காக்கும் காவல் அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் பயன்படுத்துவதைவிடப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

எதற்கு வேண்டும்

பிரஸ் பிரேக் இயந்திரத்தின் பின்பக்கத்தில் பேக் கேஜ் இருக்கும். தகட்டின் பின் ஓரம் அதன் இரண்டு நிறுத்திகளிலும் முட்டினால் மடிப்பின் ஆழம் சரியாக வந்துவிடும். அகலமான தகட்டுக்கு அதுவே போதும். சிக்கல் குறுகிய, நீளமான துண்டுகளில்தான். 60 மி.மீ. அகலப் பட்டையைக் குறுக்கே மடிக்கும்போது அது பெரும்பாலும் ஒரே நிறுத்தியில்தான் முட்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 600 மி.மீ. நீளப் பட்டையில் ஒரு டிகிரி சாய்வு மறுமுனையில் 10 மி.மீ. விலகலாகிறது. 1800 மி.மீ. உயர பீரோக் கதவில் அரை டிகிரி தவறினால் 15 மி.மீட்டருக்கு மேல் போய்விடும், கதவு சட்டத்தில் உட்காராது. பின் ஓரம் வளைவாகவோ வெட்டுவாய் போட்டோ இருந்து பேக் கேஜுக்கு முட்டக் கொடுக்க ஒன்றும் இல்லாத வேலைகளிலும் பக்க வழிகாட்டிதான் கைகொடுக்கும்.

கையால் மடிக்கும் ஃபோல்டிங் மெஷினிலும் இதைப் பயன்படுத்தலாம். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மேலே எழும்பும் மடிப்பு இலை வழிகாட்டியில் இடிக்கக் கூடாது. மேசையே மின்காந்தமாக இருக்கும் மேக்னாபெண்ட் வகை இயந்திரத்தில் நிலைக்காந்த வழிகாட்டி வேண்டாம். அதற்குத் திருகுப் பிடிப்பான்தான் ஏற்றது.

அமைப்பு

அலுமினியத்திலோ எஃகிலோ செய்த நேரான கையும், அதன் அடியிலோ முனையிலோ பதித்த காந்தங்களுமே இதன் உறுப்புகள். சிலவற்றில் மி.மீ. அளவுகோலும் நகரும் முட்டியும் இருக்கும். பழைய வகைகளில் ஃபெரைட் காந்தம், இன்றைய வகைகளில் நியோடிமியம். ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியாக உருவாக்கிய நியோடிமியம்-இரும்பு-போரான் கலவை, தீப்பெட்டி அளவுக் காந்தத்துக்கே பல கிலோ பிடிப்பைத் தந்தது. விலை கூடிய வகைகளில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளிருக்கும் இரண்டு காந்தங்களில் ஒன்று சுழன்று, எதிர் முனைகள் இணைந்து, விசை உடலுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். வழிகாட்டி தானாக விடுபடும். வாங்குகிறவர் இந்தக் குமிழ் வகையை வாங்குவதே நல்லது. குமிழ் இல்லாத நியோடிமியம் கட்டையைப் பெயர்க்க ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்புகிறவர்கள் அடிக்கடி டையின் தோளைக் கீறுகிறார்கள். அந்தக் கீறல் பிறகு மடிக்கும் ஒவ்வொரு தகட்டிலும் விழும்.

பிடிப்பும் நழுவலும்

பெட்டியில் "50 கிலோ" என்று அச்சிட்டிருந்தால், அது காந்தத்தைச் செங்குத்தாகப் பிய்த்தெடுக்க வேண்டிய விசை. வழிகாட்டியின் மேல் விழுவதோ பக்கவாட்டுத் தள்ளல். பக்கவாட்டில் காந்தத்தைத் தடுத்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. எஃகின் மேல் எஃகு நிற்கும்போது அது பிடிப்பு விசையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஆக, 50 கிலோ காந்தம் பக்கவாட்டில் 10 கிலோ தள்ளலுக்கே நகரத் தொடங்கும். கனமான தகட்டை வீசி முட்ட வைத்தால் நகர்ந்துவிடும் என்பதில் ஐயமில்லை. நகர்ந்தது உடனே தெரியாது என்பதுதான் தொல்லை. அடுத்த இருபது துண்டுகளும் கோணலாக மடிந்த பிறகுதான் கவனிப்பார்கள்.

காந்தத்துக்கும் டைக்கும் இடையே வரும் எதுவும் விசையைக் குறைக்கும். பெயின்ட், துரு, ஒட்டிய செதில், இரும்புத் துகள் எல்லாமே இடைவெளிதான். துகள் இருந்தால் வழிகாட்டி மட்டமாக உட்காராமல் ஆடவும் செய்யும்.

எண்ணெய் இன்னொரு வகைச் சிக்கல். கடலுக்குத் தொலைவில்லாத ஊர்களில் டையைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறும். ஆனால் அதே எண்ணெய்ப் படலம் உராய்வைக் குறைத்து வழிகாட்டியை எளிதில் நழுவவிடும். மாலையில் பூசி, காலையில் வேலைக்கு முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுப்பது தவிர இதற்கு வேறு வழியில்லை. நியோடிமியம் காந்தமும் துருவுக்கு விலக்கல்ல. மேலிருக்கும் நிக்கல் பூச்சு கீறிவிட்டால் உள்ளே அரித்துப் பொடியாகும். வெப்பமும் அதற்கு ஆகாது. சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தை இழக்கத் தொடங்கும். கேஸ் கட்டிங், வெல்டிங் நடக்கும் மேசையில் வழிகாட்டியை விட்டுவைக்கக் கூடாது. வெல்டிங் பக்கத்தில் அது இருந்தால் மின்வில்லும் ஒருபக்கமாக இழுபட்டு வெல்டு கெடும்.

தகடு எந்த உலோகம் என்பது முதன்மையல்ல, ஏனெனில் வழிகாட்டி ஒட்டுவது டையில். அலுமினியம், பித்தளை, எஸ்.எஸ். 304 ஆகிய மூன்றும் காந்தத்தால் இழுபடாதவை. இவற்றுக்கு வழிகாட்டி தடையின்றி வேலை செய்யும். (304 வகையை மடித்த இடத்தில் லேசான காந்தத்தன்மை தோன்றுவதுண்டு, அதைப் பார்த்துத் தரம் குறைந்த எஃகு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.) சாதாரண இரும்புத் தகட்டில்தான் எச்சரிக்கை தேவை. காந்தம் தகட்டையும் பிடித்துக்கொண்டால், மடியும்போது மேலெழும் தகடு வழிகாட்டியையும் சேர்த்துத் தூக்கி எறியும். தகடு தொடும் முகம் அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருந்து, காந்தம் அதிலிருந்து தள்ளி அமைந்தால் இந்தத் தொல்லை இராது.

பொருத்தும் முறை

ராம் (மேலும் கீழும் இயங்கும் மேற்பகுதி) மேலே நிற்கும் நிலையில் மோட்டாரை நிறுத்தி, மின்சுவிட்சைப் பூட்டிய பிறகே கை டைக்கு அருகே போக வேண்டும். ஹைட்ராலிக் இயந்திரத்தில் ராம் மெல்ல இறங்கிவிடக்கூடும் என்பதால் முட்டுக்கட்டை வைப்பது முறை.

டையின் முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்த்தெடுக்க வேண்டும். காந்த முகத்தில் ஒட்டிய துகளைத் துணியால் துடைத்தால் போகாது. களிமண் உருண்டையையோ ஒட்டும் டேப்பையோ அழுத்தி எடுத்தால் வந்துவிடும். பஞ்ச் (டைக்குள் இறங்கித் தகட்டை மடிக்கும் மேல் அச்சு) இறங்கும் பாதையில் வழிகாட்டி எந்த இடத்திலும் வரக் கூடாது. பஞ்சின் நீளத்துக்கு வெளியே நிற்க வேண்டும், அல்லது டையின் முன்முகத்தில் ஒட்டி முன்னோக்கி நீள வேண்டும். இதில் தவறினால் உடையும் எஃகுத் துண்டு ஆளை நோக்கித்தான் பறக்கும்.

அடுத்தது மூலைமட்டம். மட்டத்தின் தடித்த பக்கத்தை டையின் முகத்திலோ வி பள்ளத்தின் ஓரத்திலோதான் சாத்த வேண்டும். இயந்திரத்தின் சட்டத்தில் சாத்துவது பலர் செய்யும் தவறு; சட்டமும் டையும் இணையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மெல்லிய பக்கத்தில் வழிகாட்டியின் கையை ஒட்டவைத்து, குமிழைப் பிடிப்பு நிலைக்குத் திருப்பி, மூலைமட்டத்தை எடுக்காமலேயே மறுபடி பார்க்க வேண்டும். காந்தம் பிடிக்கும் கணத்தில் வழிகாட்டி ஒரு மயிரிழை சுழல்வது வழக்கம். பின்னாலிருந்து வெளிச்சம் காட்டி, இடைவெளியில் கீற்று தெரிகிறதா என்று பார்த்தால் போதும். பிறகு நைலான் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாக இரண்டு தட்டு. அசைந்தால் முகத்தை மறுபடி துடைக்க வேண்டும். கனத்த வேலையானால் இரண்டாவது காந்தம் சேர்க்க வேண்டும்.

வேலைத் தகட்டில் தொடங்காமல், அதே தடிப்புள்ள கழிவுத் துண்டு ஒன்றை மடித்து, மடிந்த விளிம்பின் உயரத்தை இரு முனைகளிலும் வெர்னியரால் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் வழிகாட்டி சரி. வி பள்ளத்தின் அகலம் தகட்டுத் தடிப்பைப்போல் எட்டு மடங்கு என்பது நடைமுறை விதி: 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. அந்த அளவில் சாதாரண இரும்புத் தகட்டை மடிக்க மீட்டருக்கு ஏறத்தாழ 16 டன் விசை வேண்டும். காந்தத்தின் பத்துக் கிலோவையும் இந்தப் பதினாறு டன்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பஞ்ச் இறங்கிய பிறகு வழிகாட்டி எதையும் தடுத்து நிறுத்தப்போவதில்லை என்பது தெளிவு. அதன் வேலை தகட்டை வைக்கும் கணத்தோடு முடிந்துவிடுகிறது.

கையும் தகடும்

பிரஸ் பிரேக்கில் கை போகும் இடங்கள் மூன்று: பஞ்சுக்கும் டைக்கும் நடுவே, மேலெழும் தகட்டுக்கும் ராமுக்கும் நடுவே, தகட்டுக்கும் வழிகாட்டிக்கும் நடுவே. மூன்றாவதில் பெரும்பாலும் நசுக்கலும் கிள்ளலும்தான். முதலாவதில் விரலே போகும். சிறு துண்டுகளை மடிக்கையில்தான் விரல் டைக்கு மிக அருகே வரும். வழிகாட்டி உண்மையாகவே பாதுகாப்புக்கு உதவும் இடமும் இதுதான். தகட்டின் கோணத்தை அது பார்த்துக்கொள்வதால், தொழிலாளி வெளி ஓரத்தை மட்டும் அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்கினால் போதும். ஓரத்தை நேராக்க விரலை உள்ளே நீட்டும் தேவை குறைகிறது. வழிகாட்டி இருந்தும் விரல் உள்ளே போகும் அளவுக்குத் துண்டு சிறியதென்றால், அதைக் கையால் பிடிக்கவே கூடாது. இடுக்கியோ பித்தளைப் பிடிகோலோ வேண்டும்.

கால் பெடல் ஒருவரிடம், தகடு இன்னொருவரிடம் என்று வேலை செய்வது ஆபத்தை இரட்டிப்பாக்கும். ஃபிளைவீலால் இயங்கும் பழைய மெக்கானிக்கல் பிரஸ் பிரேக்கில் கிளட்ச் பிடித்தபின் ராமை நடுவழியில் நிறுத்துவதை நம்ப முடியாது. ஹைட்ராலிக் வகையில் நிறுத்தலாம். ஐரோப்பாவின் இ.என். 12622 தரநிலை, காவலற்ற இயக்கத்துக்கு நொடிக்கு 10 மி.மீ. என்ற மெல்லிய வேகத்தையே ஏற்கிறது. லேசர் காவல், ஒளித்திரை உள்ள இயந்திரத்தில் வழிகாட்டியின் கை அந்த ஒளிக்கற்றையை மறைத்தால் இயந்திரம் நின்றுவிடும். அதற்காகக் காவலை அணைத்துவிட்டு வேலை பார்ப்பது பட்டறைகளில் நடக்கிறது. அது குற்றமான மடமை. வழிகாட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தக் காந்தங்களைக் கையாளக் கூடாது. மார்பிலிருந்து 15 செ.மீட்டருக்கு உள்ளே கொண்டுவரவே கூடாது. இரண்டு நியோடிமியம் கட்டைகள் ஒன்றையொன்று பிடித்தால் நடுவே அகப்பட்ட விரல் நசுங்கும், கட்டையும் சில்லாகத் தெறிக்கும். ஏ.டி.எம். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்தக் காந்தங்களின் மேல் குனிய வேண்டாம்.

டெல்டாப் பட்டறைகளில்

தமிழ்நாட்டில் பிரஸ் பிரேக் நிறைந்த இடங்கள் கோவை, சென்னையின் அம்பத்தூர், பெல் கொதிகலன் ஆலையை ஒட்டி வளர்ந்த திருச்சி வட்டாரம் ஆகியவை. காரைக்கால் மாவட்டத்தில் திருநள்ளாற்றை அடுத்து, பத்ரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற அம்பகரத்தூர் போன்ற ஊர்களுக்கு அந்த அளவில் வேலை இல்லை. இத்தகைய காவிரி டெல்டா ஊர்களின் தேவை கேட், ஷட்டர், பீரோ, நெல் கொட்டிவைக்கும் தகரப் பெட்டி, டிராக்டர் உறுப்பு என்ற அளவில்தான். தகட்டின் தடிப்பும் 22 கேஜ் (0.7 மி.மீ.) முதல் 14 கேஜ் (2 மி.மீ.) வரை அடங்கிவிடும். இந்த மெல்லிய தகட்டு வேலைக்குக் காந்த வழிகாட்டி மிகப் பொருத்தம். சி.என்.சி. பேக் கேஜ் வாங்க இயலாத பட்டறைக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கருவி செங்கோணத்தைத் தந்துவிடுகிறது. பிரான்ஸின் புரோமேகாம் நிறுவனம் பரப்பிய 835 மி.மீ. நீள டை-பஞ்ச் வகை இன்று உலகெங்கும் புழங்குகிறது. அந்த நிறுவனத்தை 1986இல் ஜப்பானின் அமடா வாங்கியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் எந்தப் பட்டறையில் அந்த வகை டை இருந்தாலும், அங்கே பிரெஞ்சு அளவு இன்னும் ஆட்சி செய்கிறது என்று சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இந்த டைகளைத் துடைத்துவைப்பது கூடுதல் வேலை.

சட்டம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 21ஆம் பிரிவில், ஆபத்தான இயந்திர உறுப்புகளுக்குக் காவல் கட்டாயம் என்றது. 23ஆம் பிரிவு, முழுப் பயிற்சி பெறாத இளையோரை ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வர மின்விசையுடன் 10 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. மூன்று பேர், நான்கு பேர் வேலை பார்க்கும் ஊர்ப்புறப் பட்டறை இரண்டுக்கும் வெளியேதான் நிற்கிறது. சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் "கிரஷ்டு" அறிக்கைகள் வாகன உதிரிபாக ஆலைகளில் பவர் பிரஸ்ஸில் விரல் இழந்தவர்களைப் பற்றியவை. கணக்கில் வரும் ஆலைகளிலேயே நிலைமை அப்படி.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பைக் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம், ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50 சதவீதம் என்று வகுத்தது. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதியாக இருந்தது.