கலப்பைக் கையொப்பம்: ஓர் அஞ்சலி

புணே வட்டாரத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கலப்பைக் கையொப்பம் இன்று இல்லை. எழுதத் தெரியாத குடியானவரின் பெயருக்குப் பக்கத்தில், பத்திரத்தின் அடியில் விழுந்த சின்னஞ்சிறு ஏர்ச் சித்திரம் அது. மராத்தியில் ‘நிஷாணி நாங்கர்’ என்பார்கள். நிஷாணி என்றால் அடையாளக்குறி, நாங்கர் என்றால் ஏர். வணிகரின் தராசு, தச்சரின் உளி, நாவிதரின் முகம் பார்க்கும் கண்ணாடி என்று அதன் உடன்பிறப்புகளும் கூடவே போய்விட்டன.

அது எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நிலத்துக்கோ பாட்டீல் என்ற ஊர்த்தலைவர் பதவிக்கோ வழக்கு வந்தால் ஊர் கூடும். பங்காளிகள், பாட்டீல், கணக்கு எழுதும் குல்கர்ணி, தச்சர், கொல்லர், குயவர், நாவிதர் என ஊர்த் தொழிலாளிகளான பலுத்தேதார்கள் எல்லாரும் உட்கார்ந்து விசாரிப்பார்கள். முடிவை மராத்தியின் பழைய மோடி எழுத்தில் எழுதி வைக்கும் ஆவணத்துக்கு மஹஜர் என்று பெயர். நமக்கு மகஜர் என்றால் கோரிக்கை மனு. அங்கே அது ஊரின் தீர்ப்பு. அதன் அடியில் எழுதத் தெரிந்த குல்கர்ணியின் கையும், தெரியாத பாட்டீலின் ஏரும் ஒரே தகுதியோடு நின்றன. இத்தகைய மஹஜர்களை ஆதாரமாகக் கொண்டுதான் வி. த. குணே மராட்டியரின் நீதிமுறை பற்றிய தம் ஆய்வு நூலை எழுதினார். புணே டெக்கான் கல்லூரி 1953இல் அதை வெளியிட்டது. 1910இல் வரலாற்றாசிரியர் ராஜ்வாடே முன்னின்று தொடங்கிய பாரத இதிகாச சம்சோதக மண்டலம் சதாசிவப் பேட்டையில் இன்றும் மோடி ஆவணங்களைக் காத்து வருகிறது.

ஓர் ஏருக்கும் இன்னோர் ஏருக்கும் வித்தியாசம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். அப்படியானால் அதற்கு என்ன மதிப்பு? சுற்றி நின்ற ஊர்தான் அதன் மதிப்பு. ‘இவர் இன்னார், இவர் எங்கள் கண்முன் சம்மதித்தார்’ என்று சொல்லப் பத்துப் பேர் இருந்தார்கள். குறியைப் போட்டவர் ஒருவர். அதை மெய்யாக்கியவர்கள் ஊரார்.

நம் பக்கத்திலும் இதற்கு உறவு உண்டு. எழுத்தறியாதவர் கையொப்பத்துக்குப் பதிலாக இட்ட குறியே தற்குறி. அந்தக் குறி அவருடையதுதான் என்று இன்னொருவர் சான்று சொல்வதைத் ‘தற்குறிமாட்டெறிதல்’ என்று பழைய ஆவண வழக்கு குறித்தது. குறியைச் சொன்ன சொல், பின்னாளில் குறியிட்டவரை இழிக்கும் வசவாயிற்று. கைநாட்டு என்ற சொல்லுக்கும் அதே கதி.

மறைந்ததைப் புகழும்போது அதன் குறையை மறைப்பது நேர்மையல்ல. கருவியைக் குறியாக்கியதில் சாதியின் பூட்டும் இருந்தது. தச்சர் மகனுக்கு உளியே கையெழுத்து. அதைத் தாண்டி எழுத்து அவன் கைக்கு எட்டவே இல்லை. ஊர் கூடிப் போட்ட குறி, லேவாதேவிக்காரரின் திண்ணையில் தனியே போட்ட குறியானபோது அது கழுத்துச் சுருக்காகவும் மாறியது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே குறி போட்டுக் கொடுத்தார்கள். 1875 மே 12 அன்று புணே மாவட்டத்துச் சுபே ஊரில் குடியானவர்கள் திரண்டு, கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பறித்து எரித்தார்கள். தக்காணக் கலவரம் என்று வரலாறு சொல்வது அதைத்தான். 1848இல் இதே புணேயின் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்த ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் இந்தச் சுருக்கின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று முன்பே கண்டிருந்தார்கள்.

கலவரத்துக்குப் பின் 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. குடியானவர் எழுதிக் கொடுக்கும் பத்திரம் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்றது. இழந்துபோன ஊர்ச் சாட்சியத்தை அரசு தன் வழியில் திருப்பித் தரப் பார்த்த முயற்சி அது. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டமோ ‘கையொப்பம் இடுதல்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, பெயர் எழுத இயலாதவர் விஷயத்தில் ‘குறி இடுதல்’ அதில் அடங்கும் என்றது. அந்த வரி இன்றும் நடப்பில் உள்ளது. சட்டம் ஏரைக் கொல்லவில்லை.

கொன்றது கட்டைவிரல். 1858இல் வங்கத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் பிறந்தது. ரேகை ஆளுக்கு ஆள் மாறும், பொய் சொல்லாது, அதற்குப் பத்துச் சாட்சி வேண்டாம். ஏர் மெல்ல விலகியது. ‘இடது கைப் பெருவிரல் நிஷாணி’ அந்த இடத்தில் உட்கார்ந்தது.

இதில் கிடைத்தது பெரிது, ஆள்மாறாட்டம் கடினமாயிற்று. போனதும் சிறிதல்ல. ஏர், ‘நான் உழுகிறவன், இந்த ஊரில் எனக்கு ஓர் இடம் உண்டு’ என்றது. ரேகைக்கு அந்தப் பேச்சு கிடையாது. இது இன்னாருடைய உடம்பு என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. 2010 செப்டம்பரில் நாட்டின் முதல் ஆதார் எண் தரப்பட்டது மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தேம்ப்ளி கிராமத்தில்தான். அதன் பிறகு ரேஷன் கடையில் விரலை வைத்துவிட்டு, பதிவு பொருந்தவில்லை என்று திரும்பி வந்த முதியவர்களையும் கூலிக்காரர்களையும் நாடெங்கும் பார்த்துவிட்டோம். மண்வெட்டியும் செங்கல்லும் சிமெண்டும் அவர்கள் ரேகையைத் தேய்த்துவிட்டன. ஒரு காலத்தில் உழைப்புக் கருவியே கையொப்பமாக இருந்தது. இப்போது அதே கருவி கையொப்பத்தை அழிக்கிறது. இந்த அநியாயம்தான் என்னை இந்த அஞ்சலியை எழுத வைத்தது.

ஏர்ப் படம் திரும்பி வர வேண்டாம். எழுத்து எல்லாருக்கும் கிடைக்கட்டும், அதுவே புலே தம்பதியர் கேட்டது. ஆனால் அந்தப் படத்தைச் சுற்றி நின்ற கடமைக்குச் சாவு வரக் கூடாது. படிக்கத் தெரியாதவர் முன் பத்திரத்தை அவர் மொழியில் உரக்கப் படித்துக் காட்டுவது, புரிந்ததா என்று கேட்பது, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வது ஆகிய மூன்றும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வங்கியிலும் ரேஷன் கடையிலும் மனிதருக்கு உரிமையாக வேண்டும். ரேகை பொருந்தாதபோது மனிதர் சாட்சி செல்லும் என்ற விதி இல்லாத எந்தக் கையொப்ப முறையும், எத்தனை நவீனமானாலும், சுபே மக்கள் கொளுத்திய பத்திரத்தை விட மேலானதல்ல.