மானிப்பாயில் ஒரு மருத்துவ ஊழியர்

மாணவ நேயர்களே, அயல்நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்களைப் பற்றிப் பேசும்பொழுது நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் தலைகாட்டுகின்றன. அவர்களைக் குறையே இல்லாத மகான்களாகப் போற்றுவோர் ஒரு சாரார். மதமாற்றம் ஒன்றற்காகவே வந்தவர்கள் என ஒரே சொல்லில் ஒதுக்குவோர் மற்றொரு சாரார். புகழ்ச்சியும் வரலாறு ஆகாது. இகழ்ச்சியும் வரலாறு ஆகாது. ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார், நாள்தோறும் என்ன செய்தார், அவர் சென்றபின் எஞ்சியது யாது என்று கேட்டு அறிவதே வரலாற்று மாணவனுக்கு அழகு. அம்முறையில் இன்று ஒருவரை நாம் காண்போம். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஊஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கிறீன் பிறந்தார். அவருடைய தமையனார் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் மாநகரின் புகழ்பெற்ற நடுப்பூங்காவை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர். தமையனார் ஒரு மாநகரை வளர்க்க, இளையவர் கடல் கடந்து ஒரு சிற்றூரைத் தம் ஊராகக் கொண்டார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்ற கிறீன், இரண்டே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார்.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கியது 1816-இல் ஆகும். வட்டுக்கோட்டையில் 1823-இலும், பெண் மக்களுக்கென உடுவிலில் 1824-இலும் அவர்கள் கல்விச்சாலைகளை நிறுவினர். 1819-இல் இலங்கைக்கு வந்த ஜான் ஸ்கடர் மருத்துவத்தையும் சமயப் பணியையும் இணைத்து நடத்தினார். பிற்காலத்தில் வேலூரில் மாபெரும் மருத்துவமனையை எழுப்பிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியே ஆவார். இத்தகைய மரபின் வழியில் வந்தவரே கிறீன்.

அந்நாட்களில் சூயஸ் கால்வாய் இல்லை. அது திறக்கப்பட்டது 1869-இலேதான். ஆகவே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்ய வேண்டும். புறப்பட்டவர் உற்றாரைக் காண்பது மீண்டும் எந்நாளோ என்னும் நிலை. கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் தங்கினார். பனைமரங்களும் கிணற்று நீர்ப் பாசனத் தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூரே அவருடைய பணிக்களம் ஆயிற்று.

அவருடைய அன்றாட வாழ்வு எளியது, ஆனால் ஓய்வற்றது. மருத்துவசாலையில் நோயாளிகள் கூடியதும் வேத வாசிப்பும் செபமும் நடைபெறும். அதன்பின் சிகிச்சை தொடங்கும். புண்ணுக்குக் கட்டுப் போடுதல், அறுவை, கண்நோய், காய்ச்சல், பிள்ளைப்பேற்று இடர் என எத்துறைக்கும் அவர் ஒருவரே வைத்தியர். இடையிடையே வீடுகளுக்குச் சென்று வர வேண்டும். மாணவர்களுக்குப் பாடமும் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவே தமிழ் கற்க வேண்டும். நோயாளி தன் வேதனையைச் சொல்லும் மொழி வைத்தியனுக்கு விளங்காவிட்டால் மருந்து எவ்வாறு பயன்படும்?

வாந்திபேதி என்னும் காலரா அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைப் பன்முறை வாட்டியது. அந்நோய் அசுத்த நீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ எடுத்துக் காட்டியது 1854-இல் ஆகும். அதன் கிருமியை ராபர்ட் காக் உலகறியச் செய்ததோ 1884-இல். ஆகவே நோயின் காரணம் தெளிவாகத் தெரியாத காலத்திலேயே அதை எதிர்த்துப் போராட வேண்டியவரானார் கிறீன். அவரிடம் இருந்த மருந்து சிறிது; நோயாளியை விட்டு அகலாத துணிவு பெரிது.

ஒரு மாவட்டத்துக்கு ஒரு வைத்தியர் போதார் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1848-லேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்புத் தொடங்கினார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் வல்ல மாணவர்கள் தேர்ச்சி பெற்றதும் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். கிராமமோ முன்போலவே வைத்தியரின்றி நின்றது. இதனைக் கண்ட கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார்: மருத்துவம் கிராமத்தில் வேரூன்ற வேண்டுமானால் அது கிராமத்தாரின் மொழியில் கற்பிக்கப்பட வேண்டும். தாயகம் சென்று 1862-இல் மனைவியோடு திரும்பிய அவர், 1864 அளவில் தமிழ்வழி மருத்துவக் கல்வியைத் தொடங்கினார்.

மாணவர்களே, இங்கேதான் அவருடைய அரும்பணி விளங்குகிறது. பாடம் சொல்லத் தமிழில் நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். கிறீன் தம் மாணாக்கரின் துணைகொண்டு அவ்விரண்டையும் உண்டாக்கினார். உடற்கூற்று நூலுக்கு ‘அங்காதிபாதம்’ என்றும், உடல் உறுப்புகளின் தொழிலை விளக்கும் நூலுக்கு ‘சுகரணம்’ என்றும், அறுவை மருத்துவத்துக்கு ‘இரணவைத்தியம்’ என்றும் பெயர் வழங்கலாயின. வழக்கிலிருந்த தமிழ்ச் சொல்லும் வடசொல்லும் ஏற்ற இடத்தில் கொள்ளப்பட்டன. பொருந்தாத இடத்தில் ஆங்கிலச் சொல்லே தமிழுருப் பெற்றது. இரசாயன நூலுக்கு இட்ட ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர் அதற்குச் சான்று. ‘இரணவைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. மொத்தம் 4000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவத் தமிழ் இவ்வாறு உருவாயிற்று. அறுபதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் அவரிடம் பயின்று வைத்தியர் ஆயினர்.

இனி, அவருடைய நோக்கத்தை மறைக்காமல் பேச வேண்டும். கிறிஸ்துவின் நற்செய்தியைப் பரப்புவதே தம் வாழ்வின் குறிக்கோள் என்று கிறீன் கருதினார். மருத்துவம் அதற்கு வழி என்றும் எண்ணினார். அக்கருத்தை ஏற்காதவர் யாழ்ப்பாணத்தில் பலர் இருந்தனர். அவர்களுள் தலையாயவர் ஆறுமுக நாவலர். நாவலரும் கிறீன் பிறந்த அதே 1822-இல் பிறந்தவர். கிறீன் மருத்துவ வகுப்புத் தொடங்கிய அதே 1848-இல் வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப் பாடசாலையை நிறுவினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். எனினும் ஒருவர் தமிழ் உரைநடையைச் சைவத்துக்காகச் செம்மை செய்தார். மற்றவர் அதே தமிழில் மருத்துவ அறிவை வடித்தார். போட்டியின் நடுவே மொழி வளம் பெற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

கிறீனிடம் இன்னொரு பண்பும் இருந்தது. கிறிஸ்தவராகும் தமிழர் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து ஐரோப்பியராய் மாறுவதை அவர் விரும்பவில்லை. சமயம் வேறு, நாட்டுப் பண்பாடு வேறு என்று அவர் பிரித்தறிந்தார். தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் தம் நாட்டு நடையுடையையும் உடன் பரப்ப வேண்டியதில்லை என்னும் தெளிவு அக்காலத்தில் எளிதன்று.

1873-இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப்பணி ஓயவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே திங்களில் ஊஸ்டரில் அவர் உயிர் நீத்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே தம் கல்லறைக்கல்லில் பொறிக்கத்தக்க அடையாளம் என்று அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.

ஆனால் தமிழ்வழி மருத்துவ வகுப்பு அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் ஆங்கிலமே பாடமொழி. பதவியும் ஊதியமும் ஆங்கிலத்தைப் பின்தொடர்ந்தன. மாணவரும் அவ்வழியே சென்றனர். இது மொழியின் குறையன்று. ஒரு மொழியில் கற்றவனுக்குச் சமுதாயம் உரிய இடம் தராதபோது, அம்மொழியில் எவ்வளவு சிறந்த நூல் இருந்தும் அது அலமாரியில் உறங்கும்.

நெடுநாள் ஆசிரியப் பணி புரிந்தவன் என்ற முறையில் ஒன்று கூற விழைகின்றேன். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயத்தை இன்றும் மாணவரிடையே கேட்கின்றோம். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர், வயது வந்தபின் கற்ற தமிழில், நோயாளிகளுக்கு நடுவே இருந்துகொண்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அவ்வினாவுக்கு விடை தந்துவிட்டார். இயலுமா என்று கேட்கும் காலம் அன்றே கடந்துவிட்டது. எழுதிய நூல்களைப் பயிலவும், பயின்றவர்க்குத் தொழில் அளிக்கவும் நாம் ஆயத்தமா என்பதே எஞ்சி நிற்கும் வினா. அதற்கு விடை கூற வேண்டியவர்கள், மாணவ நேயர்களே, நீங்களே.