இரண்டாவது வினா

சென்ற மாதம் எங்கள் பள்ளியிலே வினாடி வினாப் போட்டி ஒன்று நடைபெற்றது. காவிரியின் தென்கரையில், மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ள பள்ளி. "நம் ஊர், நம் பண்பாடு" என்பது தலைப்பு. வினாக்களைத் தொகுக்கும் பணி, ஆசிரியர்களிலே இளையவனும் வரலாறு கற்பிப்பவனுமாகிய என்னிடம் வந்தது. புராணம், வரலாறு, கோயில், திரைப்படம் என்று நான்கு பகுதிகள். பகுதிக்கு ஐந்து வினாக்கள். இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதினேன். நல்ல வினாக்கள் என்றே நம்பினேன்.

போட்டி சிறப்பாகத்தான் நடந்தது. வினாவை முடிக்குமுன்னே விடை வந்தது. அரங்கநாதனை இலங்கைக்கு எடுத்துச் சென்றவன் யார்? விபீடணன்! திருவரங்கத்து இராசகோபுரத்தின் உயரம் என்ன? 236 அடி! பெற்றோர் கை தட்டினர். தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமைதான்.

பதினேழாவது வினா வந்தது. "முனிவர் ஒருவரின் தோளில் அமர்ந்து அரங்கன் கோயிலுக்குள் சென்ற ஆழ்வார் யார்?"

"திருப்பாணாழ்வார்!" என்று முன்வரிசை முழங்கிற்று. அடுத்த வினாவிற்காகத் தாளைப் புரட்டினேன். அப்பொழுது கடைசி வரிசையிலே ஒரு கை எழுந்தது. அதுவரை ஒரு வினாவிற்கும் எழாத கை. உறையூரிலிருந்து வரும் மாணவன். சாவு வீடுகளுக்குப் பறை முழக்கச் செல்பவர் அவன் தந்தை.

"என்ன தம்பி?" என்றேன்.

"ஐயா, அந்தப் பாணர் உள்ளே போய்விட்டார். அவரோடு கரையில் நின்ற மற்றவர்களை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்?"

மண்டபத்திலே சிலர் சிரித்தனர். நேரம் முடிந்ததென மணி அடித்தது. "அடுத்த வினா" என்றேன். ஆம், தோழர்களே! வரலாறு கற்பிக்கும் நான், வரலாற்று வினா ஒன்று எழுந்து நின்றபோது, அதை உட்காரவைத்துவிட்டு அடுத்த வினாவிற்குப் போனேன்.

அன்றிரவு அந்த இருபது வினாக்களையும் மீண்டும் படித்தேன். அத்தனையும் "யார்?", "எது?", "எத்தனை?" என்றே கேட்டன. ஒன்றுகூட "ஏன்?" என்று கேட்கவில்லை. "மற்றவர்கள் என்ன ஆனார்கள்?" என்றும் கேட்கவில்லை. நம் இளைஞர்க்குச் செய்திகள் தெரியாமல் இல்லை. செய்திக்குப் பின்னே நிற்கும் இரண்டாவது வினாவைத்தான் நாம் கற்றுக்கொடுக்கவில்லை. என் வினாத்தாளிலிருந்தே நான்கை எடுத்து, நான் கேட்கத் தவறியதை இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மலை. இராமன் தந்த அரங்கனைச் சுமந்துகொண்டு விபீடணன் இலங்கைக்குப் போகிறான். வழியிலே காவிரிக்கரையில் ஒரு சிறுவனிடம் தருகிறான். சிறுவன் கீழே வைத்துவிட, அரங்கன் அங்கேயே நிலைத்துவிடுகிறான். சினந்த விபீடணன் துரத்த, சிறுவன் மலையுச்சிக்கு ஓட, அங்கே தலையிலே ஒரு குட்டு! அச்சிறுவனே உச்சிப்பிள்ளையார். இக்கதையை எங்கள் மாணவர் உறக்கத்திலும் சொல்வர். குட்டு விழுந்த வடுவைக் காட்டும் வழிகாட்டிகளும் உண்டு.

ஆனால் அதே மலையிலே, உச்சிக்கு அருகே பாறைக் குகையொன்றில், கல்லிலே செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றனவே, அவை யாருக்காக? சமண முனிவர்க்காக. இன்னும் சற்றுக் கீழே குடைவரைக் கோயில் ஒன்றுண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது. சடையிலே கங்கையை ஏற்கும் சிவனின் சிற்பம் அங்கே இன்றும் எழிலோடு நிற்கிறது. அதன் அருகே உள்ள வடமொழிக் கல்வெட்டு, இலிங்க வழிபாட்டினால் மன்னன் பகை நெறியை விட்டுத் திரும்பினான் என்ற பொருளிலே பேசுகிறது. சமணத்தை விட்டுச் சைவத்திற்கு அவன் மாறியதையே இது சுட்டுகிறது என்று ஆய்வாளர் பலர் கொள்வர்.

அந்த மகேந்திரன்தான் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தையும் எழுதினான். கள்ளுண்டு திரியும் காபாலிகன், ஆசையை அடக்காத புத்தத் துறவி என்று சமய வேடதாரிகளைச் சிரிக்கச் சிரிக்கச் சாடும் நாடகம் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், முடி தரித்த மன்னன் ஒருவன் போலித் துறவை எள்ளி நாடகம் எழுதினான் என்பது எங்கள் மாணவருள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் குடைவித்த மலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள்! பிள்ளையார் தலையிலே விழுந்த குட்டு தெரிகிறது. சமயங்கள் ஒன்றோடொன்று மோதியதும், அரசன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம் கோயில் எழுந்ததும் தெரியவில்லை. கதையைப் படிகளில் ஏறுவோரெல்லாம் கேட்கின்றனர். கல்வெட்டைப் படிப்பார் இல்லை.

அடுத்தது கோபுரம். திருவரங்கத்திலே ஏழு திருச்சுற்றுகள், இருபத்தொரு கோபுரங்கள். தெற்கே நிற்கும் இராசகோபுரம் நானூறு ஆண்டுகள் மொட்டையாய் நின்று, 1987-இல்தான் பதின்மூன்று நிலைகளோடு நிறைவு பெற்றது. அந்தக் கோபுரத்தின் உயரத்தைத்தான் நான் கேட்டேன். கிழக்கே ஒன்று, வெள்ளைக் கோபுரம். அது ஏன் அப்பெயர் பெற்றது என்பது என் மற்றொரு வினா. வெள்ளையம்மாள் என்ற கோயில் தாசியின் பெயரால் என்பது விடை. பதினான்காம் நூற்றாண்டிலே தில்லிப் படை அரங்கத்தைச் சூழ்ந்திருந்தபோது, படைத்தலைவனை மயக்கிக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று, அவனைத் தள்ளித் தானும் விழுந்து மாண்டாள் என்பது கோயில் மரபு கூறும் கதை. அவள் நினைவாக, தாசியர் இறந்தால் சிதைக்கு நெருப்பு கோயில் மடைப்பள்ளியிலிருந்து போகும் வழக்கம் ஏற்பட்டதாகவும் சொல்வர்.

எவ்வளவு பெரிய மரியாதை என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா? இரண்டாவது வினாவைக் கேளுங்கள். செத்தபின் நெருப்பு தந்தார்கள். வாழும்போது என்ன தந்தார்கள்? சிறுமியாய் இருக்கையிலே பொட்டுக் கட்டினார்கள். கடவுளுக்கு மனைவி என்றார்கள். பணம் படைத்தவன் வீட்டு வாசலிலே நிறுத்தினார்கள். இவ்வினாவைக் கேட்டவர்களும் பெண்களே. திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையிலே 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி சட்டமன்றத்திலே கேட்டார். தாசி வாழ்வின் கொடுமையை நேரிலே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று கேட்டார்; 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலாகவும் எழுதினார். 1947-இல்தான் சென்னை மாகாணத்திலே பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் வந்தது. கோபுரத்திலிருந்து விழுந்தவளின் பெயரை எங்கள் மாணவர் அறிவர். விழாமல் நின்று வழக்கை வென்றவர்களின் பெயரை அறியார். குற்றம் அவர்களுடையதன்று. நான் கேட்கவில்லை!

மூன்றாவது திரை. "மூன்று தீபாவளி கண்ட படம் எது?" இதற்கு மாணவர் விழித்தனர், பின்னால் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் 'ஹரிதாஸ்' என்று கூவினார். 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே அரங்கிலே ஓடிய படம். நாயகன் எம். கே. தியாகராச பாகவதர், திருச்சியிலே வளர்ந்தவர். பள்ளிக்குப் போகாமல் பாட்டைத் தேடித் திரிந்த சிறுவனை, இரயில்வே அதிகாரியாய் இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் அரிச்சந்திர நாடகத்திலே உலோகிதாசனாக மேடை ஏற்றினார். 1934-இல் 'பவளக்கொடி', பிறகு புகழின் உச்சி. 1944-இன் இறுதியிலே கொலை வழக்கில் கைது, 1947-இல் விடுதலை, 1959-இல் மறைவு. பழைய புகழ் திரும்பவேயில்லை.

இந்த ஊரின் திரை வரலாறு அவரிலே தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. 1905-இலேயே திருச்சி இரயில்வேயில் வரைபடம் வரையும் ஊழியராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராய்ப் படம் காட்டினார். கோயிலுக்குள் நுழைய முடியாதவனும் காசு கொடுத்தால் கூடாரத்திற்குள் நுழையலாம். தரையிலே உட்கார்ந்தாலும் அதே திரை, அதே ஒளி. ஏழு மதில்களைக் கட்டிய ஊருக்கு அருகிலேயே, மதிலில்லாத ஒரு துணிக்கொட்டகை எழுந்தது!

ஆனால், அந்தத் திரையிலே நெடுங்காலம் ஓடியது என்ன? கோயிலிலே சொன்ன அதே புராணம். அதை எதிர்த்து நின்ற கலைஞரும் இதே திருச்சியிலே வாழ்ந்தார், எம். ஆர். இராதா. 'இரத்தக் கண்ணீர்' மேடையிலே முழங்கி 1954-இல் திரைக்கும் வந்தது. அதே ஆண்டிலே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னை அரசு சட்டம் கொண்டு வந்தபோது, இராமாயணத்தை எள்ளி இராதா நடத்திய நாடகமே அதன் இலக்கு என்று ஊரெல்லாம் பேசிற்று. 1979 செப்டம்பர் 17-இல் அவர் மறைந்ததும் திருச்சியிலேதான். பக்தியைப் பாடிய குரலும் பக்தியைக் கேள்வி கேட்ட குரலும் ஒரே ஊரிலே ஒலித்தன. என் வினாத்தாளிலோ முதற்குரல் மட்டுமே இருந்தது.

இனி, அந்த மாணவனின் வினாவிற்கு வருகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். உறையூர்ப் பாணர் காவிரியின் தென்கரையிலே நின்று, எதிரே தெரியும் அரங்கத்தை நோக்கி யாழிசைத்துப் பாடுகிறார். அக்கரைக்குச் செல்ல அவர் பிறப்பு தடை. இறைவனுக்கு நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் விலகச் சொல்கிறார், பாட்டிலே மூழ்கியவர் விலகவில்லை, கல் பறக்கிறது, நெற்றியிலே குருதி. கோயிலிலே அரங்கன் நெற்றியிலும் குருதி! கல்லெறிந்த முனிவரே பாணரைத் தோளில் சுமந்து வருமாறு ஆணை. வந்தார், பத்துப் பாசுரம் பாடினார், அரங்கனோடு கலந்து மறைந்தார்.

உள்ளே போனார், மறைந்தார். கதையிலே நம்மவர் கவனிக்காத இடம் இதுதான். அவர் வெளியே வரவேயில்லை. தம் கூட்டத்தாரை அழைத்துச் செல்லவுமில்லை. ஒருவரை உள்ளே ஏற்று, அவரைக் கடவுளாக்கி, கதவை மீண்டும் சாத்திக்கொண்டது கோயில். தனி மனிதனுக்கு அருள். இனத்திற்கு அதே மதில். அருளின் கதையை ஆண்டுதோறும் பாடியவர்கள், சாத்திய கதவைப் பற்றிப் பேசவில்லை.

அவ்வரங்கத்திலேயே மனம் மாறியவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிறந்த மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி ஈமக்கடன் செய்தார் என்றும், அதற்காகத் தம் சாதியாராலேயே ஒதுக்கப்பட்டார் என்றும் வைணவ மரபே கூறுகிறது. அவருடைய மாணவர் இராமானுசர், தாழ்த்தப்பட்டோரைத் திருக்குலத்தார் என்று அழைத்தார் என்பர். நல்லோர் இருந்தனர், ஆனால் நல்லோரின் நெஞ்சம் திறந்தது, கதவு திறக்கவில்லை. 1939-இல் மதுரையிலே ஆலய நுழைவு நடந்து, 1947-இல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்த பின்னரே கதவு திறந்தது. திறந்தது தோள் அன்று, சட்டம்!

அதுவும் வாயிற்கதவுதான். கருவறைக்கு முன்னே இன்னொரு கதவு. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்க 1970-இல் சட்டம். 1972-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. 2006-இல் எல்லாச் சாதியினருக்கும் உரிமை தரும் அரசாணை. 2021 ஆகஸ்ட்டில் பயிற்சி பெற்றோர்க்குப் பணி. அவ்வாறு பணி பெற்ற இடங்களிலே திருச்சிக்கு அருகிலுள்ள வயலூரும் ஒன்று. 2023-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஒருவர் அங்கே செய்த நியமனங்களை இரத்துச் செய்தார். திருப்பாணர் நின்ற ஆற்றங்கரைக்கு வயலூர் எவ்வளவு தொலைவு? பேருந்திலே அரை மணி நேரம் கூட ஆகாது. கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து எண்ணினால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்!

திங்கட்கிழமை வகுப்பிலே அந்த மாணவனை எழுப்பினேன். "தம்பி, அன்று நீ கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லை, தவறு என்னுடையது. மற்றவர்களை யாரும் தூக்கிச் செல்லவில்லை. அவர்கள் கரையிலேயே நின்றார்கள். பிறகு, யார் தோளும் இன்றி, நடந்தே போனார்கள். இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "அப்படியானால் அதையும் போட்டியில் கேட்கலாமே, ஐயா" என்றான்.

கேட்கத்தான் போகிறேன். அடுத்த ஆண்டுப் போட்டியிலே ஒவ்வொரு வினாவிற்கும் இரண்டாவது வினா ஒன்று இருக்கும். மதிப்பெண் இரண்டாவதற்கே மிகுதி. இதைப் படிக்கும் இளைஞர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மலை இருக்கும், ஒரு கோபுரம் இருக்கும், ஒரு கொட்டகை இருந்திருக்கும். விடை தெரிந்ததும் கையைத் தாழ்த்திவிடாதீர்கள். கடைசி வரிசையிலே யாரேனும் கை உயர்த்தினால் மணி அடிக்க விடாதீர்கள்.