காகித இதயம்

எங்கள் வீட்டில் நவராத்திரி நெருங்குகிறது என்பதை நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. அக்காவின் கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். மஹாளய அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போதே அவள் கூடத்து மூலையில் உட்கார்ந்துவிடுவாள். சுற்றிலும் வர்ணக் காகிதம், பழைய காலண்டர், பட்டம் செய்கிற மெல்லிய காகிதம், மிட்டாய் சுற்றி வந்த ஜிகினாத் தாள். ஒரு கொட்டாங்கச்சியில் மைதாப் பசை. அந்தப் பசையில் துளி மயில்துத்தம் போட்டிருப்பாள், எறும்பு வராமல் இருக்க. "தொடாதேடா, விஷம்" என்று என்னை விரட்டுவதற்கும் அது உதவியது.

கொலுப் படிகளின் ஓரத்துக்குப் பூவேலை, மேலே விதானத்துக்குச் சங்கிலித் தோரணம், மரப்பாச்சிக்கு ஜரிகைப் பாவாடை, பக்கத்தில் ஒரு பூங்கா, பூங்காவுக்கு வாசல், வாசலில் இரண்டு மயில். எல்லாம் காகிதம். ஒன்றுக்கும் பென்சில் கோடு கிடையாது. காகிதத்தை நாலாக மடிப்பாள், எட்டாக மடிப்பாள், எதையோ யோசிக்கிறவள் போலக் கத்தரிப்பாள். பிரித்தால் உள்ளே தாமரை இருக்கும். அது எப்படி உள்ளே போயிற்று என்று நான் வெகு நாள் வியந்ததுண்டு.

விஜயதசமி கழிந்த மறுநாள் பொம்மைகள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போகும். காகிதமெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போகும். அக்காவே கொண்டுபோய்ப் போடுவாள். முகத்தில் ஒரு வருத்தமும் இராது. "அடுத்த வருஷம் வேறே பண்ணலாம்" என்பாள். பத்து நாள் உழைப்பு ஒரு தவலைத் தண்ணீரைச் சுட வைக்கும்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், காகிதத்தின் சரித்திரத்தைச் சமீபத்தில் கொஞ்சம் புரட்டிப் பார்த்ததுதான்.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்குக்காரர்கள் அங்கே வந்து கோட்டை கட்டினார்கள். 1845-ல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவே, 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற பாதிரியார் தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அப்போது அவருக்கு இருந்த பெரிய கவலை காகிதம். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் உருவத்தில் பெரியவை. பக்கத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆகவே சின்ன எழுத்துக்களை இங்கேயே வார்த்துக் கொண்டார்கள். அதுவும் போதாமல், பக்கத்திலுள்ள பொறையாறில் ஒரு காகித ஆலையையே கட்டத் துணிந்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் அக்கா பிறந்திருந்தால் ஒரு தாளைக் கையில் வாங்கிக் கத்தரிக்க முடிந்திருக்குமா? வேத புத்தகத்துக்கே காகிதம் போதாத இடத்தில் மயிலுக்கு எங்கே போவது? நம்மவர்கள் மாவிலையிலும் தென்னங்குருத்திலும் தோரணம் கட்டினார்கள் என்றால், அழகுக்காக மட்டும் அல்ல. அவை மரத்தில் சும்மா கிடைத்தன.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். கந்தல் துணியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, ஒவ்வொரு தாளாகக் கையால் வார்க்க வேண்டும். 1799-ல் ராபர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் காகிதத்தை நீளச் சுருளாகச் செய்யும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1844-ஐ ஒட்டி, ஸாக்ஸனியைச் சேர்ந்த கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு, கந்தலை நம்பி இருந்த காகிதம் காட்டை நம்ப ஆரம்பித்தது, வரவர மலிந்தது. காகிதத்தை எழுதாமல், அச்சிடாமல், வெறுமே அழகுக்காக வெட்டி, மறுநாள் எறிந்துவிடலாம் என்கிற தைரியம் சாதாரணக் குடும்பங்களுக்கு அப்போதுதான் வந்தது. ஊதாரித்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கென்னவோ ஏழைகளுக்குக் கிடைத்த முதல் ஊதாரித்தனம் என்று அதைக் கொண்டாடத் தோன்றுகிறது.

தரங்கம்பாடியை ஆண்ட அதே டென்மார்க்கிலிருந்துதான் என் கதையின் அடுத்த பகுதி வருகிறது.

1805-ல் ஓடென்ஸ் என்ற ஊரில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தார் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்ஸன். தாயார் ஊரார் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர். தகப்பனார் மகனுக்கு ஒரு சின்ன பொம்மை நாடக மேடை செய்து கொடுத்தார். பையன் பொம்மைகளுக்குச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். இவன் நல்ல தையற்காரனாக வருவான் என்று தாயார் நம்பினார். பதினாலாவது வயதில் அவன் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டான். தையற்காரனாகவில்லை. ஆனால் கத்தரிக்கோலை மட்டும் கடைசிவரை விடவில்லை.

ஆண்டர்ஸனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்த வீடு கிடையாது. வாடகை அறைகளிலும் பெரிய மனிதர்களுடைய மாளிகைகளிலும் விருந்தாளியாகவே காலம் தள்ளினார். போன இடத்தில் குழந்தைகள் சூழ்ந்துகொள்ளும். கதை சொல்ல ஆரம்பிப்பார். சொல்லும்போதே கை ஒரு காகிதத்தை மடித்துப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கும். கோடு போடுவதில்லை. கதை முடிகிற சமயத்தில் பிரித்துக் காட்டுவார். அன்னங்கள், நாரைகள், ஒற்றைக் காலில் நிற்கும் நடனக்காரிகள், காற்றாலையே உடம்பாக நிற்கும் மனிதன்! கதைக்கும் காகிதத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய் ஒரு கதை சொல்லும். கை வேறொரு கதை சொல்லும்.

1838-ல் வெளிவந்த அவருடைய தகரச் சிப்பாய் கதையில் சிப்பாய் காதலிக்கிற நாட்டியக்காரி காகிதப் பொம்மை. அவள் இருக்கிற கோட்டையும் காகிதம். 1844-ல் எழுதிய தேவதாரு மரக் கதையில் கிறிஸ்துமஸ் அலங்காரம் வருகிறது. கிறிஸ்துமஸ் மரம் டென்மார்க்குக்கு அப்போது புதிசு. 1808-ல் ஒரு பிரபுவின் மாளிகையில் ஏற்றினார்கள். 1811-ல் கோபன்ஹேகனில் ஒரு வீட்டில் வைத்தார்கள். ஆண்டர்ஸன் எழுதுகிற காலத்திலேயே மரத்தில் வர்ணக் காகிதத்தில் வெட்டிய சின்ன வலைப் பைகள் தொங்குகின்றன, பைக்குள் தின்பண்டம். பண்டிகை முடிந்ததும் மரம் பரணில் கிடக்கிறது. கடைசியில் வெட்டப்பட்டு, பெரிய அண்டாவின் கீழ் எரிகிறது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் வெந்நீர் அடுப்பின் புகை வாசனை வந்தது.

டென்மார்க்கில் இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்கு வீடு பின்னுகிற ஒரு பொருள் உண்டு: காகித இதயம். செய்முறை சொல்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் செய்து பாருங்கள். சிவப்பில் ஒரு துண்டு, வெள்ளையில் ஒரு துண்டு. பளபளப்புக் காகிதமானால் விசேஷம். ஒவ்வொன்றையும் இரண்டாக மடியுங்கள். மடிப்பு இல்லாத நுனியை அரை வட்டமாக வெட்டுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி, பட்டைகள் விழும்படி நேர் வெட்டுக்கள் கொடுங்கள். வெட்டின் நீளம் துண்டின் அகலத்தைவிட ஒரு நூல் கூடுதலாக இருக்க வேண்டும். இனிப் பின்னல். பாய் முடைவதுபோல மேலே ஒன்று கீழே ஒன்று என்று போகக்கூடாது. சிவப்புப் பட்டை வெள்ளைப் பட்டையின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். அடுத்த வெள்ளைப் பட்டையைத் தன் வயிற்றுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வரிசையில் இது தலைகீழாக வரும். சரியாக முடித்தால் சதுரங்கக் கட்டங்களோடு ஒரு இதயம். மேலே விரலைவிட்டுப் பிரித்தால் அது ஒரு பை! ஒரு காகிதப் பிடி ஒட்டி, பாதாமும் மிட்டாயும் போட்டு, மரத்தில் மாட்டிவிடுவார்கள்.

இந்த இதயங்களில் மிகப் பழையது என்று காட்டப்படுவது ஆண்டர்ஸன் 1860-ஐ ஒட்டிப் பின்னியதாகச் சொல்லப்படும் ஒன்று.  அதனால் அவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குச் சாட்சியம் கிடையாது. 1871-ல் குடிசைத் தொழில் பத்திரிகை ஒன்று செய்முறையை அச்சிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குழந்தைகளின் விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று சிசுப் பள்ளி ஆசிரியைகள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகே அது வீடுதோறும் பரவியது. அந்த ஆசிரியைகளின் பெயர் ஒன்றும் எவர் வாயிலும் இல்லை.

சிசுப் பள்ளி என்றதும் பிரோபெல் ஞாபகத்துக்கு வர வேண்டும். 1837-ல் ஜெர்மனியில் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கி, அதற்குப் பின்னால் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டவர். காகிதம் மடிப்பது, வெட்டுவது, பின்னுவது எல்லாம் அவருக்குப் பாடங்கள். விளையாட்டுத்தானே என்று நினைக்காதீர்கள். 1851-ல் பிரஷ்ய சர்க்கார் அந்தப் பள்ளிகளையே தடை செய்தது! அவருடைய சகோதரர் மகன் ஒருவர் எழுதிய பொதுவுடைமைக் கருத்துக்களை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். மறு வருஷம் பிரோபெல் இறந்துபோனார். தடை 1860-ல் நீங்கியது. கண்டுகளிக்க அவர் இல்லை.

ஆனால் அவருடைய காகிதச் சதுரங்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. வருவாய்த் துறை உத்தியோகத்தில் இருந்த டி. சுந்தர ராவ் என்பவர் அவற்றைப் பார்த்தார். குழந்தைகள் பூவும் படகும் மடிக்கிற சதுரத்தில் அவருக்குக் க்ஷேத்திர கணிதம் முழுவதும் தெரிந்தது. 1893-ல் சென்னையில், காகித மடிப்பால் கணிதப் பயிற்சி என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கருவிப் பெட்டி வேண்டாம். ஒரு பேனாக்கத்தியும் சில காகிதத் துண்டுகளும் போதும் என்றார். பெலிக்ஸ் க்ளைன் என்ற ஜெர்மன் கணித மேதை அந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டு எழுதினார். அதைப் பார்த்து அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1901-ல் சிகாகோவில் அதை மறுபடி பதிப்பித்தார்கள். ஜெர்மனியிலிருந்து இங்கே விளையாட்டாக வந்தது, இங்கிருந்து கணிதமாகத் திரும்பிப் போயிற்று.

அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். சதுரத்தை எப்படி மடித்தால் ஆறு இதழ், எப்படி மடித்தால் எட்டு இதழ் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். அது கணிதம் என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை.

ஆண்டர்ஸன் வெட்டிய காகிதங்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எப்படி? அவர் கொடுத்த வீடுகளில் ஆல்பம் இருந்தது, பூட்டுப் போட்ட அலமாரி இருந்தது, ஒழுகாத கூரை இருந்தது. அவருடைய தாயாரும் ஏதாவது வெட்டியிருக்கலாம், தைத்திருக்கலாம். வைப்பதற்கு இடம் ஏது? சரித்திரம் என்கிறோமே, அதில் பாதி, அலமாரி வைத்திருந்தவர்களின் சரித்திரம்.

இதைப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன்போல எழுதிவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் எனக்கும் இதில் பங்கு உண்டு.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் எழுதிய முதல் நாடகம் நடந்தது. அரண்மனைத் திரை, கிரீடங்கள், சிங்காதனம், மேலே தொங்கிய சரவிளக்கு, அத்தனையும் காகிதம். ஒன்பது ராத்திரி கண் விழித்து அக்கா செய்தவை. திரை விலகியதும் ஜனங்கள் கை தட்டினார்கள். என் வசனம் ஒன்றுகூட அதுவரை பேசப்படவில்லை. கடைசியில் தலைமை வகித்தவர் என்னை மேடைக்கு அழைத்து, நாடகத்தையும் காட்சி ஜோடனையையும் சேர்த்துப் புகழ்ந்து ஒரு பேனா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். "ஜோடனை என் அக்கா செய்தது" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். வசனம் எழுதத் தெரிந்த எனக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. பெண்கள் பகுதியில், பின் வரிசையில், அவள் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நாடகத்தின் பிரதி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, படிக்கச் சகிக்காது. சரவிளக்கு அன்றைக்கே போயிற்று.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நானே பின்னிய ஒரு காகித இதயத்தை எடுத்துப் போனேன். மூன்று தாள் கிழிந்து நாலாவதில் தேறியது. பேனா விஷயத்தையும் ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

"எந்தப் பேனா?" என்றாள்.

நான் விவரித்தேன். அவள் கேட்டாளோ இல்லையோ, கண் முழுவதும் இதயத்தின்மேல் இருந்தது. திருப்பிப் பார்த்தாள். வாயைப் பிரித்து உள்ளே பார்த்தாள். பேத்தியின் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்தாள். நான் செய்முறை சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கையில் ஒன்று முளைத்திருந்தது. என்னுடையதில் நாலு பட்டை. அவளுடையதில் எட்டு.

"இதிலே என்ன போடுவா?"

"பாதாம், மிட்டாய்."

"அதான். சுண்டல் போட்டால் ஊறிப்போயிடும்" என்றாள். சற்று யோசித்தாள். "உள்ளே ஒரு வாழையிலைத் துண்டு வைத்தால் தாங்கும்டா. கொலுவுக்கு வா, பார்க்கலாம்."