குரல்வழிச் செயற்கை நுண்ணறிவும் அரசுச் சேவைகளும்

எழுத்தறியாதோரும் பேச்சின் வழியே அரசுத் திட்டங்களை அறிய உதவுவது குரல்வழிச் செயற்கை நுண்ணறிவு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் உருவாக்கிய மொழி மாதிரிகளைப் பயன்படுத்தும் ‘ஜுகல்பந்தி’, 2023இல் ஹரியானாவின் பிவான் சிற்றூரில் வாட்ஸ்அப் வழியே அறிமுகமானது. அப்போது அது 10 மொழிகளில் 171 திட்டங்களைப் பற்றி விடையளித்தது.

தகவல் பெறுவது வேறு. உரிமை பெறுவது வேறு. வாய்மொழிக் கோரிக்கையை எழுத்தாக்க உதவுவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6இன்படி அலுவலரின் கடமை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 4, வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டி, நகலும் வழங்கப் பணிக்கிறது.

குரல் இயந்திரத்திற்கும் இதே அளவுகோல் வேண்டும்: வட்டார வழக்கைச் சிதைக்காமை, பதிந்ததைத் திரும்பப் படித்தல், ஒப்புகை, பொறுப்பேற்கும் அலுவலர். இவையின்றேல், கேட்கும் கடமையை அரசு இயந்திரத்தின்மேல் இறக்கிவைத்ததாகவே முடியும்.