பேனெக்கரின் சில்வண்டுக் கணக்கு

17 வருடத்துக்கு ஒருமுறை மண்ணைவிட்டு வெளியே வரும் அமெரிக்கச் சில்வண்டுகளைப் பற்றித் தேடினால், அந்த 17ஐ முதலில் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பேனெக்கர் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கதை கொஞ்சம் மாறியது.

பேனெக்கர் (1731–1806) மேரிலாந்தில் பால்டிமோர் பக்கம் புகையிலை பயிரிட்ட கறுப்பின விவசாயி. அடிமை இல்லை, குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருந்தது. வானியலைத் தானாகவே படித்து, 1792 முதல் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1749இல் அவருக்குப் பதினேழு வயது. ஆயிரக்கணக்கில் சில்வண்டுகள் கிளம்பின. அங்கே எல்லோரும் அதை வெட்டுக்கிளி என்றே சொன்னார்கள். விளைச்சல் போச்சு, பஞ்சம் வரப்போகிறது என்று பயந்து அடித்துக் கொல்ல ஆரம்பித்திருக்கிறார். எத்தனையைக் கொல்வது? விட்டுவிட்டார். பயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1766இல் மறுபடி வந்தன, 1783இலும். அடுத்தது 1800 என்று குறிப்பேட்டில் எழுதினார். இன்று பத்தாம் கூட்டம் என்று அழைக்கப்படுவது இதுதான். 1749உடன் பதினேழு பதினேழாகக் கூட்டிப் பாருங்கள், கடைசியாக வந்த 2021 சரியாக வரும்.

ஆனால் அதே 1749இல் ஸ்வீடன்காரர் பேர் கால்மும் அமெரிக்காவில் இருந்தார். 17 வருடக் கணக்கை 1756இலேயே அச்சில் எழுதிவிட்டார். 1758இல் லினேயஸ் வைத்த பெயரிலேயே 'பதினேழு' இருக்கிறது. ஆக, பேனெக்கர் முதல் ஆள் இல்லை. இதைச் சொல்வதால் அவர் மதிப்பு குறையாது என்பது என் எண்ணம். கால்ம் பார்த்தது ஒரே ஒருமுறை. மீதி மற்றவர்கள் சொன்னது. பேனெக்கர் ஒரே நிலத்தில் இருந்து, 34 வருட இடைவெளியில் மூன்று முறை தன் கண்ணால் பார்த்தவர். எங்கள் தொழிலில் இந்தப் பொறுமை கிடையாது, இரண்டாவது தடவையே 'பேட்டர்ன்' என்று சொல்லிவிடுவோம்.

அவர் கேட்டதும் ஒரே பாட்டாக இருந்திருக்காது. அந்தக் கூட்டத்தில் மூன்று இனங்கள் உண்டு. ஒன்று தாழ்ந்த குரலில் நீளமாக இழுத்துக் கடைசியில் இறக்கும். 'ஃபேரோ' என்று கூப்பிடுவதுபோல இருக்கும் என்பார்கள். இன்னொன்று டிக் டிக் என்று தட்டிவிட்டுச் சீறும். மூன்றாவது, துண்டு துண்டாக ஒரே தாளத்தில். இந்த மூன்றாவதைத் தனி இனமாகப் பிரித்ததே 1962இல்தான், அதிலும் பாட்டு பெரிய சாட்சி.

பலரும் தாண்டிப் போகிற ஒரு குறிப்பு பேனெக்கரிடம் இருக்கிறது. இந்தப் பூச்சிகளின் பின்பகுதி அழுகி விழுந்துவிடுகிறது, ஆனாலும் வலியே இல்லாததுபோல் சாகும்வரை பாடுகின்றன என்று எழுதியிருக்கிறார். கற்பனை இல்லை. அது ஒரு பூஞ்சையின் வேலை. மாசோஸ்போரா என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 1879இல். வயிற்றின் நுனி உதிர்ந்து, அந்த இடத்தில் வெள்ளையாக வித்துத்தூள் நிற்கும்; பூச்சி பறந்துகொண்டும் துணை தேடிக்கொண்டும் இருக்கும். ஒலி எழுப்பும் சவ்வு வயிற்றின் தொடக்கத்தில் இருப்பதால் நுனி போனாலும் பாட முடிகிறது. ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த கேத்தினோன் என்ற பொருள் இந்தப் பூஞ்சையில் இருப்பது 2019இல் வெளியானது.

இந்தக் குறிப்பு நம் கைக்கு வந்ததே அதிர்ஷ்டம். பேனெக்கரை அடக்கம் செய்த அன்றே அவர் வீடு தீப்பிடித்து எரிந்தது. அவர் மரத்தில் செய்த கடிகாரமும் காகிதங்களும் அதோடு போயின. நண்பர் ஜார்ஜ் எலிகாட்டிடம் இரவல் வாங்கிய புத்தகங்களோடு சேர்ந்து அந்தக் குறிப்பேடு மட்டும் முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தது.