கணினிக் கடிகாரங்களை ஒன்றிணைத்த நெறிமுறை

கணினிக்குள் உள்ள கடிகாரம் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணி நேரம் காட்டுகிறது. வெப்பநிலை மாறினாலும் படிகத்துக்கு வயதானாலும் அந்த அதிர்வு சற்றே பிசகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் சுமார் 1.7 வினாடி வேறுபாடு வந்துவிடும். தனித்து இயங்கும் கணினிக்கு இது பெரிய குறையல்ல. கணினிகள் வலையமைப்பில் இணைந்த பிறகு, எந்தச் செய்தி முந்தியது, எந்தக் கோப்பு பிந்தியது என்று முடிவு செய்ய எல்லாவற்றுக்கும் பொதுவான நேரம் தேவைப்பட்டது.

1983இல் வெளியான ஓர் எளிய நெறிமுறையில், சேவையகம் 1900 தொடங்கிக் கடந்த வினாடிகளின் எண்ணிக்கையை அனுப்பும். அந்த விடை வழியில் எவ்வளவு தாமதித்தது என்று அறிய அதில் வழியில்லை. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் மில்ஸ் காம்சாட் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்திலேயே இந்தச் சிக்கலை ஆராய்ந்து வந்தார். 1981இல் கடிகாரச் சேவை ஒன்றை விவரித்தார். 1985இல் என்டிபி எனப்படும் வலையமைப்பு நேர நெறிமுறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அதைச் செம்மைப்படுத்தினார்.

என்டிபியின் அடிப்படை நான்கு நேரக் குறிப்புகள். ஒரு கணினி தன் கடிகாரத்தில் 100 மில்லிவினாடி காட்டும்போது கேள்வி அனுப்புகிறது என்று கொள்வோம். சேவையகம் தன் கடிகாரப்படி 160இல் அதைப் பெற்று, 165இல் விடை அனுப்புகிறது. கேட்ட கணினியின் கடிகாரத்தில் 125 ஆகும்போது விடை வந்து சேர்கிறது. போகவர ஆன மொத்த நேரம் 25. சேவையகம் எடுத்துக்கொண்ட 5 போக, பயண நேரம் 20. போக்குக்கும் வரவுக்கும் பத்துப் பத்து என்று பகிர்ந்தால், கணினியின் கடிகாரம் 50 மில்லிவினாடி பின்தங்கியிருப்பது தெரிகிறது. இரு வழிகளின் தாமதமும் சமமாக இல்லாவிட்டால், அந்த வேறுபாட்டில் பாதி பிழையாகத் தங்கிவிடும்.

ஒரே சேவையகத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. அதுவே தவறாக ஓடலாம். 1992இல் வந்த மூன்றாம் பதிப்பு, கீத் மர்சுல்லோ 1984இல் தம் முனைவர் ஆய்வில் வகுத்த முறையைத் திருத்திப் பயன்படுத்தியது. பல சேவையகங்கள் தரும் நேர இடைவெளிகளை ஒப்பிட்டு, பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவற்றை அது ஒதுக்கிவிடுகிறது. மிஞ்சிய பிழை சிறியதானால் கடிகாரம் ஒரேயடியாகத் திருப்பி வைக்கப்படுவதில்லை. அதன் வேகமே சிறிது கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது. இந்தத் திருத்தத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு என்பதால், 100 மில்லிவினாடியைச் சரிசெய்யக் குறைந்தது 200 வினாடி ஆகும். இந்தப் பொறுமை அவசியமானது. நேரம் திடீரெனப் பின்னோக்கிப் போனால் பதிவுகளின் வரிசையே குலைந்துவிடும்.

சேவையகங்கள் அடுக்குகளாக அமைந்தன. அணுக்கடிகாரம், ஜிபிஎஸ் போன்ற மூலங்கள் பூஜ்ய அடுக்கு. அவற்றோடு நேரடியாக இணைந்தவை முதல் அடுக்கு. அவற்றிடம் நேரம் கேட்பவை இரண்டாம் அடுக்கு. 2003இல் தன்னார்வலர்களின் சேவையகங்களைக் கொண்ட பொதுக் குழுமம் ஒன்று தொடங்கியது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த ஆணை, தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சேவையகங்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சேவையகங்களோடு நேரத்தை ஒத்திசைக்க நிறுவனங்களைப் பணித்தது.

பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க 1972 முதல் 2016 வரை 27 முறை, இந்தச் சேவையகங்கள் பரப்பும் உலக நேரத்திலேயே ஒரு வினாடி கூட்டப்பட்டது. 2012 ஜூன் 30 அன்று அப்படிக் கூட்டியபோது லினக்ஸில் இயங்கிய பல சேவையகங்கள் திணறின. 2035க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடும் வகையில் விதியை மாற்ற, எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு 2022இல் தீர்மானித்தது.

மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். என்டிபி பயன்படுத்தும், 1900இல் தொடங்கிய 32 பிட் வினாடி எண்ணிக்கை 2036 பிப்ரவரி 7 அன்று நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். 2010இல் வெளியான நான்காம் பதிப்பு அதைக் கடப்பதற்கான வழியையும் வகுத்து வைத்திருக்கிறது.